பேத்தி பிறந்தது எத்தனை மணிக்கு?

வாசகர் கேள்வி-பதில்

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலிருந்தும், ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் தம்பிகளிடமிருந்தும் கொஞ்ச நாளாகவே ஒரே மாதிரிக் கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. எல்லாமே அந்த ஊர்க் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடியும் பின்னாடியும் போவதைப் பற்றியவை. ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் நவம்பர் வந்துவிடும், மறுபடி மாற்றுவார்கள். அதனால் இந்த இதழில் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: தம்பிக்கு வணக்கம். எங்கள் மகளுக்கு அமெரிக்காவில், நியூஜெர்சி எடிசனில், ஜூலை மாதம் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி சீட்டில் 14-ஆம் தேதி நள்ளிரவு 12.20 என்று இருக்கிறது. ஜாதகம் எழுதக் கொண்டுபோனால், எங்கள் ஜோதிடர் "இது சம்மர் டைம், ஒரு மணி நேரத்தைக் கழிக்கணும், கழித்தால் 13-ஆம் தேதி ராத்திரி 11.20" என்கிறார். சம்பந்தி வீட்டில், "பிறந்த தேதியே எப்படி மாறும்? அவருக்குக் கணக்கு தெரியவில்லை" என்கிறார்கள். பேத்தி பிறந்தது எந்த நாள், எத்தனை மணிக்கு?
— ஒரு வாசகி, கே.கே. நகர், மதுரை

பதில்: அம்மா, உங்கள் ஜோதிடர் விஷயம் தெரிந்தவர். அவரை விட்டுவிடாதீர்கள். சம்பந்தி வீட்டார் சொல்வதிலும் தப்பில்லை, பிறப்புச் சான்றிதழில் இருக்கும் 14-ஆம் தேதிதான் பாஸ்போர்ட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆயுசு முழுக்கச் செல்லும். ஒரே நொடியை இரண்டு கடிகாரத்தில் பார்த்துவிட்டு இரண்டு வீட்டாரும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் கூட்டி வைப்போம். யாராவது வந்து மணி பார்த்தால் "அது பத்து நிமிஷம் ஃபாஸ்ட்" என்று சொல்லிவிடுவோம். அமெரிக்காவில் நடப்பதும் இதேதான், என்ன, ஒரு மணி நேரம் கூட்டி வைக்கிறார்கள், சட்டம் போட்டு ஏறக்குறைய நாடு முழுக்க ஒரே நாளில் செய்கிறார்கள். மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு அதிகாலை 2 மணி அடிக்க வேண்டிய நேரத்தில் கடிகாரத்தை 3-க்குத் தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு, திரும்ப 1-க்கு இழுப்பார்கள். இடையில் வரும் எட்டு மாதமும் ஊரில் எல்லாக் கடிகாரமும் "ஒரு மணி நேரம் ஃபாஸ்ட்", இதைத்தான் சம்மர் டைம், கோடை நேரம் என்கிறார்கள். சூரியன் பாட்டுக்கு அது வழக்கமாக வரும் நேரத்துக்குத்தான் வருகிறது.

கூட்டி வைக்காத அந்தப் பழைய நேரத்துக்குப் பெயர்தான் திட்ட நேரம், ஸ்டாண்டர்ட் டைம். ஒவ்வொரு நேர மண்டலத்துக்கும் ஒரு தீர்க்கரேகை அடிப்படை. நியூஜெர்சி, நியூயார்க் எல்லாம் இருக்கிற கிழக்கு மண்டலத்துக்கு மேற்கு 75-ஆம் தீர்க்கரேகை, அதனால் கிரீன்விச்சுக்கு ஐந்து மணி நேரம் பின்னால். கோடையில் ஒரு மணி நேரம் கூட்டிவிடுவதால் நான்கு மணி நேரம்தான் பின்னால். மண்டலம் அதேதான். அதற்குள் ஒரு நேரம் அடிப்படை, இன்னொன்று அதன் மேல் ஏற்றி வைத்தது.

இப்போது உங்கள் பேத்திக்கு வருவோம். அங்கே சுவர்க் கடிகாரத்தில் ஜூலை 14, 12.20. கூட்டி வைத்ததைக் கழித்தால் 13-ஆம் தேதி ராத்திரி 11.20. அந்த நேரத்தில் மதுரையில் ஜூலை 14 காலை 9.50. மாப்பிள்ளை உங்களுக்குப் போன் போட்டது காலைப் பலகாரம் முடிந்து கொஞ்ச நேரத்தில் இருந்திருக்கும், ஞாபகப்படுத்திப் பாருங்கள். மூன்றும் ஒரே நொடிதான்.

ஜோதிடம் பலிக்குமா பலிக்காதா என்பது இங்கே கேள்வி இல்லை. எழுதுவது என்று முடிவு செய்துவிட்டால் கணக்கு சரியாக இருக்க வேண்டும். லக்னம் என்பது பிறந்த ஊரின் கீழ்வானத்தில் அந்த நேரம் எந்த ராசி உதயமாகிறது என்பது. சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு லக்னம். ஒரு மணி நேரம் தப்பினால் பாதி லக்னம் தள்ளிவிடும், எல்லையில் இருந்தால் லக்னமே மாறிவிடும். நட்சத்திரத்துக்கு அவ்வளவு பாதிப்பு வராது, சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது, ஒரு பாதத்துக்கே ஆறு மணி நேரம். அதனால் நட்சத்திரம் சரியாக வருவதைப் பார்த்து "எல்லாம் சரி" என்று விட்டுவிடுகிறார்கள், லக்னம் தப்பாக உட்கார்ந்திருப்பது கல்யாணப் பேச்சு வரும்போதுதான் தெரிய வருகிறது.

தேதி மாறுகிறதே என்ற கவலைக்கும் ஒன்று சொல்கிறேன். நள்ளிரவில் நாள் மாறுவது இங்கிலீஷ் கணக்கு. நம் பஞ்சாங்கத்தில் கிழமை மாறுவது சூரிய உதயத்தில். பேத்தி பிறந்தது 11.20 என்றாலும் 12.20 என்றாலும் அந்த ஊரில் 14-ஆம் தேதி சூரியன் இன்னும் உதிக்கவில்லை. ஆகப் பஞ்சாங்கப்படி அது 13-ஆம் தேதிக் கிழமைதான், நேரத்தைக் கழித்தாலும் கழிக்காவிட்டாலும். சம்பந்தி வீட்டில் இதைச் சொல்லுங்கள், சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, இப்போது ஜாதகம் கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். சில மென்பொருள் ஊர்ப் பெயரைக் கொடுத்தாலே கோடை நேரத்தைத் தானாகக் கழித்துக்கொள்ளும். அதில் 12.20 என்றுதான் அடிக்க வேண்டும். கையாலும் ஒரு முறை கழித்து 11.20 என்று அடித்தால் மென்பொருள் இன்னொரு மணி நேரத்தைக் கழித்து 10.20-க்குக் கொண்டுபோய் விட்டுவிடும். வெளிநாட்டில் பிறந்த குழந்தைகளின் ஜாதகத்தில் நான் அதிகம் பார்த்த தவறு இந்த இரட்டைக் கழித்தல்தான். ஜோதிடரிடம் "சாஃப்ட்வேர் கழிக்குதா, நீங்க கழிச்சீங்களா" என்று நேராகவே கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். இரண்டாவது, நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றி, ஊர் மதுரை என்று போட்டு எழுதிவிடாதீர்கள். 9.50 என்பது நீங்கள் போனில் கேட்ட நேரம். குழந்தை பிறந்த வானம் எடிசன் வானம்.

இன்னொரு வாசகி, நவம்பரில் 1.30 மணி இரண்டு முறை வருமாமே என்று கேட்டிருந்தார், அவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆமாம், வரும். நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 1 மணியிலிருந்து 2 மணி வரை ஒரு முறை ஓடி முடிந்ததும் கடிகாரம் திரும்ப 1-க்கு வருகிறது. அந்த நேரத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்து, மூத்தது முதல் சுற்றில் 1.50-க்கும் இளையது இரண்டாம் சுற்றில் 1.10-க்கும் பிறந்தால், சீட்டைப் பார்த்தால் இளையது மூத்ததாகிவிடும். அந்த ராத்திரி பிரசவம் என்றால் நர்ஸிடம் எந்தச் சுற்று என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணே, வடபழஞ்சியில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறேன். டீம் லீடர் ஜூன் மாசத்திலும் "காலை 9 மணி ஈ.எஸ்.டி." என்றே மெயில் போடுகிறார். அது நமக்குச் சாயங்காலம் ஆறரையா, ஏழரையா? அப்புறம், எங்கள் வாடிக்கையாளர் ஒருத்தர் டென்வர், ஒருத்தர் ஃபீனிக்ஸ். ரெண்டு பேரும் மௌண்டன் டைம்தான் என்கிறார்கள், ஆனால் ஒரே மீட்டிங்குக்கு ஒருத்தர் ஒரு மணி நேரம் தள்ளி வருகிறார். எப்படி?
— ஒரு வாசகர், நாகமலை புதுக்கோட்டை

பதில்: தம்பி, ஆறரை. ஆனால் அவர் எழுதியதை எழுத்து மாறாமல் படித்தால் ஏழரை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். இதில் எனக்கு ஒரு மனக்குறை பல வருஷமாக இருக்கிறது, சொல்கிறேன்.

நானும் உன்னை மாதிரி ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவன்தான், ஷிஃப்ட் அட்டவணை போடும் வேலையும் சில வருஷம் செய்தேன். அப்போது மேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைக்கு நேர்காணல் வந்தது. என்னிடம் மெயிலைக் காட்டினாள். மார்ச் மாதம், திங்கட்கிழமை, காலை 9 மணி, ஈ.எஸ்.டி. ஈ.எஸ்.டி. என்றால் கிழக்கு மண்டலத்தின் திட்ட நேரம், நமக்கும் அதற்கும் பத்தரை மணி நேர வித்தியாசம், ஆக இரவு 7.30. அவளே கணக்குப் போட்டு நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருந்தாள், நானும் பார்த்துச் சரி என்றேன். நெட் வேகமாக இருக்கும் என்று மதுரையில் சித்தி வீட்டுக்கு வந்து, ஏழு மணிக்கே சேலை மடிப்பெல்லாம் சரிசெய்துகொண்டு, லேப்டாப்புக்குக் கீழே இரண்டு தடிப் புத்தகத்தை வைத்து உயரம் சரிபார்த்து உட்கார்ந்திருந்தாள். ஏழரைக்கு இணைப்பைத் தட்டினால் உள்ளே யாருமே இல்லை. அவர்கள் ஆறரைக்கே வந்து, இருபது நிமிஷம் காத்திருந்து, "வரவில்லை" என்று குறித்துவிட்டுப் போயிருந்தார்கள். முந்தின நாள் ஞாயிறுதான் அங்கே கடிகாரத்தைத் தள்ளியிருக்கிறார்கள். மெயில் போட்டவர் மனதில் இருந்தது நியூயார்க் சுவர்க் கடிகாரத்தின் 9 மணி, அதற்குச் சரியான பெயர் ஈ.டி.டி., நடுவில் "டேலைட்"டுக்கு, அதாவது கோடை நேரத்துக்கு, உண்டான எழுத்து. அவர் பழக்கத்தில் ஈ.எஸ்.டி. என்று எழுதிவிட்டார். விளக்கி எழுதினோம், பதிலே வரவில்லை.

அந்தப் பெண் தப்பே செய்யவில்லை. அவள் படித்ததும் சரி, கணக்கும் சரி. தவறாக எழுதியவருக்கு ஒன்றும் ஆகவில்லை, சரியாகப் படித்தவளுக்கு வேலை போயிற்று. இன்றைக்கும் வருஷத்தில் எட்டு மாதம் ஏகப்பட்ட பேர் ஈ.எஸ்.டி. என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் என் பழக்கத்தைச் சொல்கிறேன், நீயும் பின்பற்று: சுருக்கெழுத்தை நம்பாதே, ஊர்ப் பெயரைக் கேள். "நியூயார்க் நேரம் காலை 9 மணி, மதுரை நேரம் மாலை 6.30, சரிதானே?" என்று ஒரு வரி பதில் போடு. செல்போன் காலண்டரில் மீட்டிங் போடும்போதும் நேர மண்டலத்தில் "நியூயார்க்" என்று ஊரைத் தேர்ந்தெடு. அப்போது மார்ச்சிலும் நவம்பரிலும் அது தானாகவே நகர்ந்துகொள்ளும். எழுதியே ஆக வேண்டும் என்றால் நடு எழுத்தை விட்டுவிட்டு வெறும் "ஈ.டி.", அதாவது கிழக்கு நேரம், என்று எழுதினால் எந்த மாதத்துக்கும் பொருந்தும்.

மனதில் வைத்துக்கொள்ள எளிது: நியூயார்க் நமக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. லண்டன் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை.

இனி உன் டென்வர், ஃபீனிக்ஸ் விவகாரம். ஒரே மண்டலத்துக்குள்ளேயே நேரம் இரண்டாகப் பிரிவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. அமெரிக்காவில் 1966-இல் கொண்டுவந்த சட்டப்படி, ஒரு மாநிலம் கோடை நேரம் வேண்டாம் என்று மொத்தமாக விலகிக்கொள்ளலாம். அரிசோனா 1968-இலேயே விலகிவிட்டது. ஃபீனிக்ஸ் பாலைவனத்து ஊர். கத்திரி வெயில் அடிக்கும்போது "சாயங்காலம் இன்னும் ஒரு மணி நேரம் வெயில் இருந்தால் தேவலை" என்று மதுரையில் யாராவது சொல்வோமா? அவர்களும் சொல்லவில்லை. ஆக, டிசம்பரில் டென்வரும் ஃபீனிக்ஸும் ஒரே நேரம், இரண்டும் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். ஜூனில் டென்வர் பதினொன்றரைக்கு வந்துவிடும், ஃபீனிக்ஸ் பன்னிரண்டரையிலேயே நிற்கும், அதுவும் பக்கத்து மண்டலத்து லாஸ் ஏஞ்சல்ஸும் அப்போது ஒரே மணி காட்டும். இதே அரிசோனாவுக்குள் நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதியில் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், அதற்கு நடுவில் இருக்கும் ஹோப்பி மக்களின் பகுதியில் மாற்றுவதில்லை. கோடையில் அந்தச் சாலையில் கார் ஓட்டிக்கொண்டு போனால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கடிகாரம் பல தடவை மாறும். ஆஸ்திரேலியாவிலும் இப்படித்தான், சிட்னியும் பிரிஸ்பேனும் ஒரே மண்டலம், சிட்னி மாற்றும், பிரிஸ்பேன் மாற்றாது. அங்கே கோடை நேரம் அக்டோபரில் தொடங்குவதால் மாற்றும் மாதமும் தலைகீழ்.

இன்னொன்று. அமெரிக்காவும் பிரிட்டனும் ஒரே நாளில் மாற்றுவதில்லை. 2026-இல் அமெரிக்கா மார்ச் 8, பிரிட்டன் மார்ச் 29. இடையில் மூன்று வாரம் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் வழக்கமான ஐந்து மணி நேர வித்தியாசம் நான்காகிவிடும். அக்டோபர் 25-க்கும் நவம்பர் 1-க்கும் நடுவில் ஒரு வாரம் அதே கதை. உங்கள் டீமில் இரண்டு ஊரும் இருந்தால் அந்த நாலு வாரத்தைச் சிவப்பு மையில் குறித்து வை.

கேள்வி: நம் நாட்டில் ஏன் இந்தக் கோடை நேரம் இல்லை? எப்போதாவது இருந்ததுண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருமங்கலம்

பதில்: இருந்தது ஐயா. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் கூட்டி வைத்திருந்தார்கள். கோடை, குளிர் என்று பார்க்காமல் மூன்று வருஷமும் தொடர்ந்து. அந்த வருஷங்களில் பிறந்த பெரியவர்கள் இன்றைக்கும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பிறந்த நேரம் "காலை 7 மணி" என்று குறிப்பு இருந்தால் அது புது நேரமா, பழைய நேரமா என்று பார்க்க வேண்டும். "உதயாதி நாழிகை இத்தனை" என்று எழுதியிருந்தால் கவலையே இல்லை, சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிற கணக்கு அது, எந்தச் சட்டமும் அதைத் தொட முடியாது. நாழிகைக்கு 24 நிமிஷம், இரண்டரை நாழிகை ஒரு மணி. எனக்கு இந்தக் கணக்கின் மேல் பெரிய மரியாதை உண்டு.

ஏன் இப்போது இல்லை என்றால், நமக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல், டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. அங்கே கோடையில் ஜனங்கள் எழுந்திருக்கும் முன்னாடியே பல மணி நேர வெளிச்சம் வீணாகப் போகிறது, அதைச் சாயங்காலத்துக்குத் தள்ளலாம் என்று நினைத்தார்கள். 1916-இல் முதல் உலகப் போர் நடக்கும்போது முதலில் ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும், சில வாரத்தில் பிரிட்டனும் இதைக் கொண்டுவந்தன, நிலக்கரி மிச்சமாகும் என்று. மதுரையில் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசமே ஒரு மணி பத்து நிமிஷம்தான். ஜூனில் ஆறு மணிக்குச் சற்று முன்னால் விடிகிறது, டிசம்பர் கடைசியில் ஆறரைக்கு. இதில் எதைத் தள்ளுவது?

நமக்கு இருக்கிற சிக்கல் வேறு. நாடு முழுவதற்கும் ஒரே மண்டலம், கிழக்கு 82½ டிகிரி தீர்க்கரேகை அடிப்படை, உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர்ப் பக்கமாகப் போகிறது. இது 1906 ஜனவரி 1-இல் வந்தது, அதற்கு முன் ரயில்களெல்லாம் சென்னை நேரத்தில் ஓடின, அது இன்றைய நேரத்துக்கு ஒன்பது நிமிஷம் பின்னால். மதுரை இருப்பது 78 டிகிரிக்குச் சற்றுக் கிழக்கே. டிகிரிக்கு நாலு நிமிஷம் வீதம், நம் ஊர்ச் சூரியன் நம் கடிகாரத்துக்குப் பதினேழரை நிமிஷம் தாமதமாகத்தான் உச்சிக்கு வருகிறது. மாணவர்களுக்குச் செய்து காட்டுகிறவர் நீங்கள், அடுத்த சித்திரை பிறந்த ஓரிரு நாளில் மொட்டைமாடியில் ஒரு கம்பை நேராக நட்டு வைத்துப் பாருங்கள். அந்த நாட்களில் மதுரையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். 12 மணிக்குக் கம்புக்கு மேற்கே கொஞ்சம் நிழல் இருக்கும். மெல்ல மெல்லக் கம்புக்குள்ளேயே போய், 12.17 வாக்கில் நிழலே இல்லாமல் நிற்கும். மதுரையின் உண்மையான நடுப்பகல் அது. பிப்ரவரியில் பார்த்தால் அது 12.30-ஐத் தாண்டும், நவம்பர் தொடக்கத்தில் சரியாக 12-ஐ ஒட்டியே வந்துவிடும், பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்வாகவும் இருப்பதால். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் சீக்கிரமே விடிந்துவிடுவதால், தங்களுக்குள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி "தோட்ட நேரம்" என்று வைத்துக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் வெகுகாலமாக இருக்கிறது. அவர்களுக்கு அது நியாயம்.

பக்கத்தில் இலங்கையையும் சொல்ல வேண்டும். 1996-இல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக முதலில் ஒரு மணி நேரம் கூட்டினார்கள், சில மாதத்தில் அதை அரை மணி நேரமாகக் குறைத்தார்கள், 2006-இல் திரும்ப நம் நேரத்துக்கே வந்துவிட்டார்கள். அந்தப் பத்து வருஷத்தில் கொழும்பில் பிறந்த சொந்தக்காரப் பிள்ளைகளின் ஜாதகத்தையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: விவசாயிகளுக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?
— மல்லிகை விவசாயி, உசிலம்பட்டி

பதில்: இல்லை. நேர் எதிர். அமெரிக்காவில் 1918-இல் கொண்டுவந்தபோது அதை எதிர்த்ததே விவசாயிகள்தான். 1919-இல் அதிபர் உட்ரோ வில்சன் தடுத்தும் கேட்காமல் நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது. உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, மொட்டு விரியும் முன் பறித்து மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கு எந்தக் கடிகாரம் வேண்டியிருக்கிறது? செடிக்கும் மாட்டுக்கும் வெளிச்சம்தான் கணக்கு, வண்டிக்காரருக்கும் கடைக்காரருக்கும் மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் போனால் நடுவில் நசுங்குவது விவசாயிதான்.

கேள்வி: மகனைப் பார்க்க டெட்ராய்ட் வந்திருக்கிறேன், நவம்பர் வரை இருப்பேன், சர்க்கரைக்கு மருந்தும் எடுத்துக்கொள்கிறேன். ராத்திரி எட்டரைக்கும் பட்டப்பகல் மாதிரி வெயில். மாலை விளக்கு எத்தனை மணிக்கு ஏற்றுவது? ராகு காலம் இங்கேயும் திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பதா?
— சொந்த ஊர் சோழவந்தான், ஒரு வாசகி

பதில்: அம்மா, விளக்கு அந்தி சாயும் நேரத்துக்கு, மணிக்கு அல்ல. டெட்ராய்ட் கிழக்கு மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. அதே மண்டலத்தில் இருக்கும் பாஸ்டனைவிட அங்கே சூரியன் 48 நிமிஷம் தாமதம். அதன் மேல் கோடை நேரமும் ஏறிக்கொண்டால், ஜூனில் 9 மணிக்கு மேல்தான் சூரியன் மறையும், உச்சிப் பொழுதே ஒன்றரை மணிக்கு. ஒன்பதே கால் வாக்கில் ஏற்றுங்கள், அதுதான் அங்கே அந்தி.

ராகு காலத்துக்கு ஏழரை, ஒன்பது என்பதெல்லாம் ஆறுக்கு உதயம், ஆறுக்கு அஸ்தமனம் என்று வைத்துப் போட்ட கணக்கு. அங்கே அந்த ஊர் உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை எத்தனை மணி நேரமோ அதை எட்டாகப் பிரித்து, திங்கட்கிழமைக்கு இரண்டாவது பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும். பகல் பதினைந்து மணி நேரத்தைத் தாண்டுவதால் ஒரு பங்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வரும். அந்த ஊருக்கென்றே கணித்த பஞ்சாங்கம் அங்குள்ள கோவில்களில் கிடைக்கும், மகனிடம் சொல்லுங்கள்.

நீங்கள் நவம்பர் வரை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கடிகாரத்தை மாற்றும் அன்றைக்கு உங்கள் சர்க்கரை மாத்திரையோ ஊசியோ எந்த நேரத்துக்கு என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளும், மாத்திரை மட்டும் பழைய நேரத்திலேயே நின்றுவிடக் கூடாது.

கேள்வி: அழகர் ஆற்றில் இறங்குவதை அமெரிக்காவில் இருக்கும் மகனும் லண்டனில் இருக்கும் மகளும் நேரலையில் பார்க்க எத்தனை மணிக்கு உட்கார வேண்டும்? போன வருஷம் மகன் தேதியைத் தப்பாக வைத்துக்கொண்டு பார்க்க முடியாமல் போய்விட்டது.
— ஒரு வாசகர், தல்லாகுளம்

பதில்: அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது, நானும் ஒரு சித்திரையை வெளியூரில் கழித்தவன். விடிகாலை 6 மணி என்று வைத்துக்கொள்வோம். சித்திரை மாதம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கோடை நேரத்துக்குள் வந்துவிடுகிறது. மகன் நியூயார்க், நியூஜெர்சிப் பக்கம் என்றால் முந்தின நாள் இரவு 8.30. சிகாகோ, டல்லாஸ் என்றால் 7.30, டென்வர் 6.30, ஃபீனிக்ஸும் கலிபோர்னியாவும் 5.30. எல்லாமே முந்தின நாள் சாயங்காலம், தேதி தப்புவது இங்கேதான். மகளுக்கு லண்டனில் அதே நாள் நள்ளிரவு தாண்டி 1.30. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு, துபாய் அதிகாலை 4.30, சிங்கப்பூர் காலை 8.30, இரண்டும் வருஷம் முழுக்க மாறாது. சிட்னியில் ஏப்ரல் முதல் ஞாயிறோடு கோடை நேரம் முடிந்துவிடுவதால் அன்றைக்குச் சிட்னி, பிரிஸ்பேன் இரண்டிலும் 10.30.

கோவிலில் இறங்கும் நேரத்தை அறிவித்ததும் மகன் போனில் "மதுரை" அல்லது "இந்தியா" என்று மண்டலத்தைப் போட்டு அலாரம் வைக்கச் சொல்லுங்கள், அவன் ஊர் நேரத்துக்குப் போனே மாற்றிக்கொள்ளும். அரை மணி நேரம் முன்னாடியே உட்காரச் சொல்லுங்கள், ஆற்றுக்குள் கூட்டம் நிறைந்து, தண்ணீர் பீய்ச்ச ஆரம்பிப்பதிலிருந்து பார்க்கட்டும். மதுரைக்கு வரும் அழகரை ஜனங்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையையும் பார்க்க வேண்டும் என்றால் இன்னும் ஒரு நாள் முன்னால் போக வேண்டும். லீவு சொல்லி வைக்கட்டும்.